கழுத்துவரை மண்

ஆஸ்பத்திரி வளாகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் தோட்டக்காரம்மாதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த வாரமே, சீட்டுக்கு நிற்பவர்கள் வெயிலில் வதங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு தூங்குமூஞ்சி மரக்கன்றை நட்டாள். இன்று அந்த நிழலில் இருநூறு பேர் தாராளமாக நிற்கலாம்.

அந்த மரத்துக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. நுனிக்கிளைகள் காய்ந்தன, இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. நோயாளி தலையில் கிளை விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்ட நிர்வாக அதிகாரி, மாதக் கடைசியில் மரத்தை வெட்ட ஆள் சொல்லிவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை; அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அவளும் கை ஓயாமல் தண்ணீர் விட்டாள், எரு போட்டாள், கூட்டிய சருகையும் மண்ணையும் வழக்கம்போல் அடிமரத்தில் குவித்தாள். மரம் மசியவில்லை.

ஒரு காலையில் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் குழாயை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கேயும் ஒரு தூங்குமூஞ்சி மரம், யாரும் சீண்டாமலே செழிப்பாக நின்றது. தரையைத் தொடும் இடத்தில் அதன் அடிமரம் அகன்று, வேர் வேராகப் பிரிந்து இறங்கியிருந்தது. அவளுடைய மரமோ நட்டுவைத்த கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் போகிறது. அப்படியானால் அதன் அடி எங்கே? வருஷா வருஷம் மரத்தைச் சுற்றிக் கட்டிய செங்கல் வட்டத்தை உயர்த்தி, மண் கொட்டி, அவளேதான் அதைப் புதைத்திருந்தாள்.

நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள். பழியை வெயில் மேலோ பூச்சி மேலோ போட்டிருக்கலாம், போடவில்லை.

"நான்தான் சார் மண்ணைப் போட்டுப் போட்டு அதுக்கு மூச்சு முட்ட வெச்சேன். தோண்டிப் பாக்கறேன். ரெண்டு மாசம் குடுங்க."

காய்ந்த கிளைகளை உடனே எடுத்துவிட்டு, சுற்றிலும் கயிறு கட்டச் சொல்லி, அவர் அந்த இரண்டு மாசத்தைக் கொடுத்தார்.

மண்வெட்டி பட்டால் பட்டை கிழியும் என்று சின்னக் கரண்டியால் ஒன்பது நாள் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் பட்டை ஊறி நசநசவென்றிருந்தது. பிழைக்காது என்றே நினைத்தாள். அடிமரத்தை நெரித்துக்கொண்டிருந்த விரல் கனமுள்ள வேர்களை அறுத்தெடுத்து, அடியைக் காற்றுப்பட விட்டாள். பிறகு, அவளுக்குத் தெரிந்ததிலேயே கஷ்டமான வேலையைச் செய்தாள்: சும்மா இருந்தாள்.

ஏழாவது வாரம், வரிசையில் நின்ற ஒருத்தி அண்ணாந்து பார்த்து, இலை விடுகிறதே என்றாள். அதிகாரியும் வந்து பார்த்தார். வெட்ட வேண்டாம் என்று அவர் போனில் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டபிறகு, தோண்டிய மண்மேட்டில் உட்கார்ந்து, அப்பாடா என்று அழுது தீர்த்தாள்.

மத்தியானம் வீட்டில் பரிமாறிக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டுக்கு மேல் கையைக் குறுக்கே வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதைத்தானே நானும் முப்பது வருஷமாச் சொல்றேன், போதும் போதும்னு."

மூன்றாவது தடவை சோறு அள்ளிய கரண்டி பாதி வழியில் நின்றது. அவள் அதைப் பாத்திரத்திலேயே திரும்பப் போட்டாள்.