அக்கா வைத்த பெயர்

சென்னை ஓட்டல்களில் ஜாஸ் பாடுகிறவள் நான். பாட்டும் நானே எழுதுவேன். என்னை நாலு பேருக்குத் தெரியவைத்தது ஒரு தாலாட்டுதான். என் அக்காவின் வயிற்றிலேயே இறந்துபோன குழந்தையைப் பற்றி, அவளைக் கேட்காமலே எழுதினேன். குழந்தைக்கு அவள் ஆசையாக நினைத்து வைத்திருந்த பெயர்தான் அந்தப் பாட்டின் பல்லவி.

போன கிறிஸ்துமஸுக்கு அக்கா ஊரான வடக்கனந்தல் போனபோது சர்ச் விழாவில் பாடச் சொன்னார்கள். கைதட்டல் வாங்கிய பழக்கத்தில் அதையே பாடினேன். அக்கா அதுவரை அதைக் கேட்டதில்லை. பெயர் வந்ததும், பக்கத்தில் இருந்த அவள் கணவர், எங்கள் மாமா, திரும்பி அவளைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். முழுதும் பாடி முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "கோவமாக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பாடுன. ஆனா அந்தப் பேர உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்? உங்க மாமாவுக்கே இன்னிக்குத்தான் தெரியும். வர்ற வழியெல்லாம் அழுதுகினே வந்தாரு."

"இனிமே பாட மாட்டேங்க்கா."

"பாட்ட பாடு. பேர மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துடு."

இப்போது அந்த இடம் வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். பியானோ மட்டும் ஒலிக்கிறது. அந்த மௌனம்தான் பாட்டிலேயே அழகு என்று சொல்லிக் கைகுலுக்குகிறார்கள். அந்தப் பாராட்டையும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.