கழுத்தில் இரண்டு சிவப்பு இறகு

என் வீட்டுக்காரர் மாடசாமிக்குக் கோபமே வராது என்று தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். கட்டிக்கொண்டவளுக்குத்தானே தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை அவருக்கு. துரை திட்டினாலும் சரி, கணக்கு எழுதுகிற கிராணி பேர் போடாமல் விட்டாலும் சரி, சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வருவார். ஆனால் அவருடைய கோழிகளைப் பார்த்து யாராவது 'கறுப்பு மாதிரி இருக்கே' என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. "மாதிரி என்ன மாதிரி?" என்று என்னிடம் வந்து கத்துவார், என்னவோ நான் சொன்னதைப் போல.

அவை கறுப்பேதான். அலகு கறுப்பு, கால் கறுப்பு, நகம் கறுப்பு. வெயில் பட்டால் இறகில் ஒரு பச்சை மினுங்கும். வேறு நிறத்துக்கு அங்கே இடமில்லை. அவருடைய அப்பா காலத்திலிருந்து வெளிச்சேவல் சேர்க்காமல் காத்துவந்த வம்சம். ஆடி மாதம் தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்குப் பூசை நடக்கும். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் ஓர் இறகுகூட மாற்று நிறம் இல்லாத சேவலைக் கொடுக்க வேண்டும். பூசாரி தங்கராஜு லேசுப்பட்டவரல்ல. இறக்கையைத் தூக்கிப் பார்ப்பார், கழுத்து இறகை வாயால் ஊதிப் பிரித்து அடிவரைக்கும் பார்ப்பார். பிறகு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். சேவல் உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். எங்கள் கூண்டுச் சேவல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

மேட்டுக் குளிரில் குஞ்சு பொரிக்க வைப்பது சாதாரணப் பாடில்லை. அடைக்கோழி தீனிக்கு எழுந்துபோய்க் கொஞ்சம் தாமதித்தால் முட்டை சில்லிட்டுவிடும். அதனால் இவர் கூடையையும் கோழியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுபோய்த் தொழிற்சாலை அடுப்புச் சுவர் ஓரமாக வைத்துவிடுவார். கிராணி பார்த்தும் பார்க்காததுபோல் போவார். பொரித்து வரும் குஞ்சுக்கு வயிறும் இறக்கை நுனியும் மஞ்சளாக இருக்கும். கல்யாணமான புதிதில் நான் அதைப் பார்த்துக் கலப்போ என்று கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இறகு முளைத்தால் அந்த மஞ்சள் தானாகப் போய்விடும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இந்தக் கோழிகளைக் கேலி பேசுகிற உரிமை உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் இருந்தது. தோட்டத்து லோரி ஓட்டுகிற மைக்கேல்ராஜ் அண்ணன். இரண்டு பேரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அண்ணன் வேதக்காரர், முனியாண்டி படையலைத் தொடமாட்டார். ஆனால் கம்போங் ராஜா கடைத்தெருவிலிருந்து கோழிக்கு நொய் ஏற்றி வருவது அவர்தான். சாயங்காலமானால் இருவரும் கூண்டு முன்னால் குந்திக்கொள்வார்கள். "ஏன்லா மாடா, உங்க சாமிக்கு வேற கலரே கண்ணுக்குத் தெரியாதா?" என்பார். இவர் சிரிப்பார். அதையே நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

எழுபத்தாறாம் வருடக் கடைசியில் இவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஈப்போ ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தார். கிளம்புகிற அன்று இவர், மைக்கேல் அண்ணனுடைய லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கூண்டுப் படல மறக்காம சாத்து, வடிவு." என்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானும் மனதுக்குள் திட்டிக்கொண்டே கையசைத்தேன்.

மூன்றாவது வாரம் மறந்தேன். பக்கத்து வீட்டுச் செல்லத்துக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகப் பிள்ளையில்லை. வருகிற ஆடியில் முனியாண்டிக்குச் சேவல் கொடுப்பதாக நேர்ந்திருந்தாள். சேவல் எங்கள் வீட்டுடையது என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதைப் பற்றிப் பேசிப் பேசி அவள் வீட்டிலேயே இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டேன். கூண்டுப் படல் திறந்தே கிடந்திருக்கிறது. மூசாங் என்கிற மரநாய் வந்து சேவலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வம்சத்துக்கு இருந்தது அந்த ஒரு சேவல்தான். இளஞ்சேவல்களை எல்லாம் முந்தின ஆடியிலேயே கொடுத்து முடித்திருந்தார். நிறைய அழுதேன். பிறகு யோசிக்க ஆரம்பித்தேன். அழுததோடு நின்றிருக்கலாம்.

பெட்டைகள் ஐந்து மிச்சமிருந்தன. கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஆ மோய் என்ற சீனக் கிழவியிடம் ஒரு சிவப்புச் சேவல் உண்டு. சாக்கில் கட்டி அதை வாங்கிவந்து, பத்து நாள் பெட்டைகளோடு விட்டேன். கேட்டவர்களிடம் அறுக்க வாங்கியது என்று சொன்னேன். பத்தாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டு, சமையலறை அடுப்பு ஓரத்தில் அடை வைத்தேன். ஒன்பது குஞ்சு வந்தது. ஒன்பதும் கறுப்பு. கறுப்புக்கு அவ்வளவு பலம் உண்டு என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. ஒன்றிரண்டு செத்துப்போன சேவலுடையதாகவே இருக்கலாம் என்றுகூட மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தை மாதம் இவர் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார். சேவல் சீக்கில் செத்துவிட்டது, அதற்கு முந்தின முட்டைகளை அடை வைத்துப் பொரித்தது என்று சொன்னேன். சீக்காளியிடம் வேறென்ன சொல்வது? ஒவ்வொரு குஞ்சாக எடுத்து வயிற்றைத் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "நல்லாக் காப்பாத்திட்ட, வடிவு" என்றார். எங்கள் இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். உடம்பு மிக மோசமாக இருந்த நாளில் மைக்கேல் அண்ணன் வந்து, இவர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாராம். இவரும் ஆமென் என்று சொல்லி வைத்தாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

குஞ்சுகளில் மூன்று சேவல். பெரியதைச் செல்லத்துக்கு என்று ஒதுக்கினார். பூசைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வெயிலில் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். அதன் கழுத்தில் இரண்டு இறகு சிவப்பாக இருந்தது. ஆ மோய் வீட்டுச் சேவலின் அதே சிவப்பு. பிடித்துப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து தினமும் இவர் வேலைக்குப் போனதும் சேவலை மடியில் வைத்து ஈர் பார்ப்பதுபோல் பார்ப்பேன். பூசையன்று விடியற்காலையிலும் பார்த்தேன். தங்கராஜு ஊதிப் பார்த்தபோது ஒன்றும் அகப்படவில்லை.

மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சேவல் சிலிர்க்கவில்லை. இரண்டாவது செம்பு ஊற்றினார்கள், கல்லாக நின்றது. இவர் முகத்தில் இரத்தமே இல்லை. செல்லம் பாவம், கும்பிட்ட கையோடு நிற்கிறாள். அந்த நேரத்தில்கூட அவளுக்காக நான் வேண்டவில்லை. மாட்டிக்கொள்ளக்கூடாது என்றுதான் வேண்டினேன். மூன்றாவது செம்புக்குச் சேவல் சிலிர்த்தது. மறு வருடம் செல்லத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. முனியாண்டிக்கு அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. குறையெல்லாம் மனிதர்களுக்குத்தான் வந்தது.

மாற்று இறகு முளைக்காத தம்பிச் சேவல் ஒன்றை வம்சத்துக்கு வைத்திருந்தார். எழுபத்தொன்பதில் அதோடு பிறந்த பெட்டைகளின் முட்டையைத் தொழிற்சாலையில் அடை வைத்தார். நான் சோறு கொண்டுபோனபோது அடுப்புச் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். கூடையில் பன்னிரண்டு குஞ்சு. மூன்று குஞ்சுகள் பழுப்பு. முதுகில் கோடு கோடாக இருந்தது. கறுப்புக்குள் ஒளிந்து கிடந்த சிவப்பு பேரப்பிள்ளையில் வெளியே வந்துவிட்டது.

என்மேல் அவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தால் பிழைத்திருப்பேன். "ஆமென் சொன்ன வாய்க்கு முனி காட்டிட்டான்" என்றார். அவ்வளவுதான். ஒரே வாரத்தில் கோழிகள் எல்லாம் கைமாறிப் போயின. கூண்டைப் பிரித்து விறகாக்கினார்.

மைக்கேல் அண்ணன் வழக்கம்போல் சாயங்காலம் வந்தார். இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. அடுத்தவன் ஜெபத்தை அவன் முகத்துக்கு நேரே பழிக்கிற ஆள் இல்லை அவர். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அண்ணன் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன ஆச்சு தங்கச்சி? நான் ஏதும் பேசிட்டனா?"

"அவருக்கு உடம்பு சரியில்லண்ணே" என்றேன். சேவலை மூசாங்குக்குக் கொடுத்ததைக்கூட என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. அந்த மூன்று வார்த்தையை முடியவில்லை.

ஆறு வருடம் போயிற்று. முதலில் எங்கள் லயத்தைத் தாண்டும்போது அண்ணன் லோரியை மெதுவாக்கி ஹாரன் அடிப்பார். இவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். பிறகு ஹாரன் நின்றது. நாளைக்குச் சொல்லலாம், தீபாவளி கழியட்டும், மழை விடட்டும் என்று நான் நாளைக் கடத்தினேன். 'நல்லாக் காப்பாத்திட்ட' என்ற அந்த ஒரு வார்த்தையை இழக்க மனமில்லை. உண்மை அதுதான். வேறு சாக்குச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

எண்பத்தைந்து மார்ச்சில் மைக்கேல் அண்ணன் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். இவர் சாவு வீட்டுக்குள் போகவில்லை. சவப்பெட்டி ஏற்றிய லோரி தாண்டிப் போகும்வரை ரோட்டோரத்தில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படல், மூசாங், ஆ மோய், பிடுங்கிப் போட்ட இரண்டு இறகு, எதையும் விடவில்லை. கை நீட்டாத மனிதர்தான். ஆனாலும் அன்றைக்கு ஓர் அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"மைக்கேலுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். அண்ணன் மனைவி பவுலின், கோயிலுக்குப் போய்வந்த சேலையோடு கதவைத் திறந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பவுலின் என்னைத் திட்டவில்லை. "அந்த ஆமென் கதையத் தோட்டத்துல யாரோ அவர் காதுல போட்டுட்டாங்க. கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு அக்கா" என்றாள். "ஒருத்தனுக்காக ஜெபம் பண்ணா அது தப்பாப் போயிடுமா பவுலின்னு."

பிறகு அவள் பால் கலக்காத தே-ஓ போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? குடித்தேன்.

இவர் இன்றுவரை என்னை அதற்காக ஒரு சொல் சொன்னதில்லை. சில சமயம் புதிதாகத் தோட்டத்துக்கு வந்தவர்கள், உங்களிடம் அந்தக் காலத்தில் கறுப்புச் சேவல் இருந்ததாமே என்று விசாரிப்பார்கள்.

"ஆமா," என்பார். "கறுப்பு மாதிரி இருக்கும்."

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.