இடப்பக்கமும் வெயில், வலப்பக்கமும் வெயில்

போன வாரம் ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் நான் ஒரு சர்க்கஸ் நடத்தினேன்.

எனக்கு போர்ஃபைரியா. பரம்பரையாக வந்தது. பங்காளிகள் யாரும் பங்கு கேட்காத ஒரே சொத்து! ரத்தம் தயாராகும் வேலையில் ஒரு கோளாறு. மிஞ்சும் பொருள் தோலில் தேங்குகிறது. வெயில் பட்டால் உள்ளே நெருப்பு. அப்புறம் மூன்று நாளைக்குக் கை ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காது. ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. கொப்புளம் இல்லாத வலியை நம் ஊரில் யார் நம்புகிறார்கள்?

முகத்துக்கு மாஸ்க், தலைக்கு ஸ்கார்ஃப் எல்லாம் சரி. கையுறையை மட்டும் மறந்துவிட்டேன். மலைப்பாதையில் ஒரு வளைவில் வெயில் வலப்பக்கம். நான் இடப்பக்கம் மாறினேன். அடுத்த வளைவில் வெயில் இடப்பக்கம்... மறுபடி ஓடினேன்.

"ஏனுங்க மேடம், ஒரு எடத்துல உக்கார மாட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

கொட்டச்சேட்டில் பஸ் நிரம்பியது. மாட்டிக்கொண்டேன். என் ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி நின்றது. விரல்கள் சுருக்கென்றன. அதுதான் எச்சரிக்கை மணி. எதிர்ப்பக்கம் நிழலில் இருந்தவரிடம் நோயைச் சொல்லி, இடம் மாறக் கேட்டேன்.

"ஏற்காட்டு வெயிலுக்கேவாங்க? கை நல்லாத்தானுங்க இருக்குது" என்று சிரித்தார்.

பக்கத்து சீட் அம்மா வைத்தியமே சொன்னார். "தெனம் வெயில்ல நில்லு கண்ணு, பழகிரும்."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு பொய்யும் வந்தது.

"நாளைக்கு என்னையப் பொண்ணு பாக்க வர்றாங்க. கை கருத்துருமுங்க."

அப்போது பார்க்க வேண்டுமே பஸ்ஸை! சிரித்தவர் துள்ளி எழுந்து இடம் கொடுத்தார். வைத்தியம் சொன்ன அம்மா தன் துண்டை என் கையில் சுற்றிவிட்டார். "மொதல்லயே சொல்றதுக்கென்ன சாமி? நொம்ப கருத்துட்டா மாப்ள ஊட்ல என்ன நெனைப்பாங்க?" கண்டக்டர் குரல் கொடுக்க, இரண்டு பக்கமும் ஷட்டர்கள் மடமடவென்று இறங்கின. காற்று வேண்டும் என்று ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

வலிக்கும் என்றேன், யாரும் அசையவில்லை. கருக்கும் என்றேன், பஸ்ஸையே இருட்டாக்கிவிட்டார்கள்.

கை பிழைத்தது. சேலத்தில் இறங்கும்போது அந்த அம்மா, "நல்ல எடமா அமையட்டும் கண்ணு" என்று வாழ்த்தினார். நாற்பத்தாறு வயதில், காலேஜ் போகும் மகளை வைத்துக்கொண்டு, மாஸ்க்கைக் கழற்றாமலே தலையைக் குனிந்து வெட்கப்பட்டேன்.

வேறென்ன செய்ய... மத்தியானம் மேலே ஏற இன்னொரு பஸ் பிடிக்க வேண்டுமே!