பாட்டிலில் எழுதிய பேர்

1. சார் இல்லீங்களா?

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் மூன்று ஆண்கள் லேப் வாசல் வரை வந்தார்கள். உள்ளே என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். நாலாவது ஆள் மட்டும் தலையை நீட்டி, "சார் இல்லீங்களா?" என்றார். "நான்தாங்க சார்" என்றேன். அவரும் போய்விட்டார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அது. அரியலூரில் ஒரு தனியார் நர்சிங் ஹோம், பேர் வேண்டாம். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்த கையோடு சேர்ந்துவிட்டேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ரத்தம், மூத்திரம், சளி எதைக் கொடுக்கவும் ஆண்களுக்கு வெட்கமில்லை. செமன் டெஸ்ட், அதாவது விந்துப் பரிசோதனை, என்று சீட்டில் இருந்துவிட்டால் மட்டும் கால் தரையில் நிற்காது.

எங்கள் டாக்டரம்மாவை எல்லோரும் மேடம் என்போம். பிரசவத்தில் கைராசிக்காரர் என்று ஜெயங்கொண்டம் வரை பேர். ஆனால் குழந்தை இல்லை என்று ஒரு தம்பதி வந்தால், பெண்ணுக்கு ஸ்கேன், ரத்தம், கர்ப்பப்பை சுத்தம் செய்வது என்று ஒன்றுவிடாமல் முடித்த பிறகுதான் புருஷன் பக்கம் பேச்செடுப்பார். அதுவும் தயங்கித் தயங்கி. அரை மணி நேரத்தில் முடிகிற டெஸ்ட், ஊசிகூடக் கிடையாது. அதுதான் கடைசி.

"ஆம்பளைங்க வெவகாரம்மா இது. ரோசக்காரனுங்க. பேரு கீருன்னு கேட்டு வெரட்டிவுட்டுடாத. பைல்ல பொண்டாட்டி பேரு இருக்கில்ல, அதையே போட்டுக்க" என்று முதல் வாரமே எனக்குச் சொல்லிவிட்டார்.

நானும் தலையாட்டினேன். தலையாட்டியதோடு நிற்கவில்லை, நானாகவே ஒரு படி மேலே போனேன். ரிப்போர்ட்டின் தலைப்பில் செமன் அனாலிசிஸ் என்று முழுசாக டைப் அடிக்காமல் 'எஸ்.ஏ.' என்று இரண்டு எழுத்து மட்டும் போட்டேன். யாராவது எடுத்துப் பார்த்தாலும் என்ன டெஸ்ட் என்று தெரியக்கூடாதாம். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! மேடம் பாராட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

2. பாட்டில் வந்த வழி

ஆண்கள் நேரில் வரமாட்டார்கள் என்பதால் வீட்டிலேயே எடுத்து அனுப்பச் சொன்னோம். அதற்கு முன் மூன்று நாள் புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருக்கக் கூடாது, வாய் அகலமான பாட்டில், சோப்பு வாசம் இருக்கக் கூடாது, அரை மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்தாக வேண்டும். இதையெல்லாம் பெண்டாட்டியிடம்தான் சொல்லி அனுப்புவோம். பாட்டிலைக் கொண்டுவருவதும் அவள்தான். முந்தானைக்குள் பொத்தி, பஸ்ஸில் இடிபட்டு, மூச்சு வாங்க ஓடி வருவாள்.

ஒருவர் தலைவலித் தைலம் இருந்த பாட்டிலில் அனுப்பிவிட்டார். மூடியைத் திறந்ததும் எனக்கு ஜலதோஷமே போய்விட்டது. "ஏம்மா, கழுவலியா?" என்றேன். "கழுவச் சொன்னேங்க. எனக்குத் தெரியாதாடீன்னு எரிஞ்சு வுழுந்தாரு" என்றாள் அந்தப் பெண். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். மறுபடி மூன்று நாள் கழித்து அதே பெண்தான் இன்னொரு பாட்டிலோடு ஓடி வந்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

3. 'நில்'

பூங்கொடி ரெட்டிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஐந்து வருஷம். புருஷன் ராசேந்திரன் சிமெண்டு பேக்டரியில் லோடு ஏற்றுகிற வேலை. ஒல்லியான பெண், அதிகம் பேசமாட்டாள். எங்களிடம் ஒன்றரை வருஷமாக வந்துகொண்டிருந்தாள். எல்லா டெஸ்டும் நார்மல். கடைசியில் ஒரு நாள் பாட்டில் வந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். உயிரணு ஒன்றுகூட இல்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை வாங்கிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. 'எஸ்.ஏ.', பூங்கொடி, எண்ணிக்கை 'நில்' என்று ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தேன். புருஷனை அழைத்து வரச்சொல்லி மேடம் சொல்லி அனுப்பினார். அவர் வரவில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். மேடம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்த நேரம். ஒரு வயதான அம்மாள் என் கவுண்ட்டரில் அந்த ரிப்போர்ட்டை வைத்தார். பின்னால் பூங்கொடி தலை குனிந்து நின்றாள். வெளியே சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தபடி ஒரு ஆள்; அதுதான் ராசேந்திரன் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்க தெரு வாத்தியாருகிட்ட படிக்கச் சொன்னேன். நில்லுன்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தமாமே?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாங்க."

"அதத் தமிழ்ல ஒரு சீட்டுல எழுதி, சீலு வச்சுக் குடுங்க தாயி. இவளுக்குப் புள்ள பொறக்காதுன்னு. இவ அப்பன்கிட்ட காட்டி, இவள வுட்டுட்டு வந்துடறோம். தையில எம்மவனுக்கு வேற எடம் பாத்திருக்கு."

நான் போட்ட பேர், நான் மறைத்த தலைப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்த வந்து நிற்கின்றன. பூங்கொடிக்கு உண்மை தெரியும். பாட்டிலைக் கொண்டுவந்தவளே அவள்தானே. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. 'உங்க மகனுக்குத்தான்மா' என்று நானே கத்தியிருப்பேன். ஆனால் ஒருத்தருடைய ரிசல்ட்டை அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருத்தரிடம் சொல்லக் கூடாது, அது பெற்ற தாயாகவே இருந்தாலும். அந்த விதியை மீறவும் மனசு வரவில்லை. அவள் கழுத்தறுபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

"அம்மா, இது இந்தப் பொண்ணோட ரிப்போர்ட்டு இல்ல" என்றேன்.

"பேரு போட்டிருக்கே?"

"போட்டது நான்தான். தப்பாப் போட்டுட்டேன். இந்தப் பொண்ணுக்கு எடுத்த எல்லாமே நல்லா இருக்கு, வேணும்னா பைலப் பாருங்க."

"அப்ப இது யாருது?"

"அத அவங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

அந்த அம்மாள் குரலை உயர்த்தினார். "என்னம்மா வெளையாடுறியா? காசு வாங்கிக்கிட்டுப் பேர மாத்திப் போடுவியா?" ஓ.பி.யில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பூங்கொடி முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தாள்.

ராசேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் வியர்வை. "யம்மா, அவங்கள ஒண்ணும் சொல்லாத. அது என்னோடது" என்றார்.

"என்னடா ஒளறுற?"

"எனக்குத்தான் இல்ல. அவளுக்கு ஒரு கொறையும் இல்ல."

"வாய மூடுடா! நாலு பேரு முன்னால சொல்ற பேச்சா இது? ஆம்பளையாடா நீ?"

"ஒரு மாசமா அதத்தாம்மா நானும் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றார் ராசேந்திரன். பூங்கொடி போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன், அவரும் பெற்றவர்தான்.

பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப்போட்டு, 'ராசேந்திரன், வயது முப்பத்தொன்று' என்று புதிதாக அடித்துக் கொடுத்தேன். தலைப்பையும் முழுசாகப் போட்டேன். அதை வாங்கிக்கொண்டு மற்ற இருவரும் வெளியே போனதும், பூங்கொடி மட்டும் திரும்பி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அவரு மானம் போயிடும்னு அவரு பேர எழுதல. சரிக்கா. எம் பேர எழுதறப்ப எனக்கு ஒண்ணும் போவாதுன்னு நெனச்சீங்களா?" என்றாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். ஆண்களுக்குத்தான் ரோஷம், அவர்களுக்குத்தான் மானம் என்று நினைத்தது வெளியில் இருந்தவர்கள் மட்டுமில்லை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நானும் அதையேதான் நினைத்திருக்கிறேன்.

4. மேடமும் நானும்

சாயங்காலம் மேடத்திடம் நேராகவே சொன்னேன். "இனிமே ஆம்பளைங்க பேர்லதான் மேடம் எழுதுவேன். நேர்ல வரணும், தனி ரூம் வேணும். முதல் மாசமே ரெண்டு பேருக்கும் டெஸ்ட்டு."

"ஒருத்தன் வரமாட்டான், பாரு."

"வரலன்னா என்னைத் திட்டுங்க."

ஸ்டோர் ரூமைக் காலி செய்து, உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். முதல் மாதம் நிஜமாகவே ஒருத்தரும் வரவில்லை. மேடம் என்னைத் திட்டவும் செய்தார். அப்புறம் ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள். நாங்கள் பயந்த அளவுக்கு அவர்கள் பயப்படவில்லை. பேர் கேட்டால் ஒரு நிமிஷம் தரையைப் பார்ப்பார்கள், பிறகு சொல்லிவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். கேட்கத் தெரியாமல் இருந்தது நாங்கள்தான். இப்போது புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: முதலில் பேரைக் கேளுங்கள், நீங்கள் வெட்கப்படாமல் கேளுங்கள்.

ராசேந்திரனுக்குத் திருச்சியிலும் பார்த்தார்கள், அதே நில்தான். இரண்டு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தையை முறைப்படி தத்தெடுத்தார்கள். பேத்தியை அந்த மாமியார் இடுப்பைவிட்டு இறக்குவதில்லை என்று கேள்வி.

இரண்டாயிரத்து நாலு என்று ஞாபகம். ராசேந்திரன் ஒரு நாள் தன்னோடு லோடு ஏற்றுகிற ஒரு பையனைத் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். கல்யாணமாகி மூன்று வருஷமாம். பெண்டாட்டியை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் அவன் கதவுப் பக்கம் நழுவினான்.

"எங்கடா ஓடுற? நான் ஓடாத ஓட்டமா? அக்காகிட்ட பேரச் சொல்லு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார் ராசேந்திரன்.

அவன் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுடா. இல்லன்னா அக்கா உம் பொண்டாட்டி பேர எழுதிடும்."