சந்தனம் பூசிய விமானம்

லண்டன் சட்டனில் தன் வீட்டு கராஜிலேயே ஒரு சிறிய விமானத்தைக் கட்டி முடித்தவர் அவர். நரைத்த மீசை, எண்ணெய் படிந்த நகங்கள், நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு. பறப்பதற்கு முன் விமானத்துக்கும் பொட்டு வைப்பார். சக்கரம், இறக்கை, வால் எதையும் விடமாட்டார்.

அன்று இறக்கையின் கீழே நீட்டிக்கொண்டிருந்த சிறு குழாயின் வாயிலும் அப்பிவிட்டார். அதற்குள் காற்றுப் புகுந்தால்தான் வேகத்தைக் காட்டும் முள் அசையும். உதவிக்குப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, அடைச்சுப்போகும், துடையுங்கோ. வேகம் தெரியாமல் இறங்க ஏலாது."

"வெளிக்கிடுற நேரம் அபசகுனமாய்க் கதைக்காதை, தம்பி."

நானே துடைத்தேன். நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி அப்பியிருக்கிறார்.

பறந்துவிட்டுத் திரும்பி வந்த விமானம் புல்தரையில் தொப்பென்று விழுந்தது. ஒரு சக்கரம் கழன்று வேலிவரை ஓடியது. பதறி ஓடினேன். மனிதர் ஒரு கீறலுமில்லாமல் இறங்கி நின்றார்.

"முள் அசையவே இல்லை, தம்பி. நல்லகாலம், சந்தனம் வைச்சபடியால் தப்பினன்."

அடைத்துக் கிடந்த குழாயைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"டூட்டிங்கில எங்கட கடைப்பக்கம் போனால் இன்னொரு டப்பா சந்தனம் வாங்கிக்கொண்டு வா."

அவ்வளவு ஆத்திரத்திலும் என் வாயில் "ஓம்" என்றுதான் வந்தது.