அவிழ்ப்பது அவர் இலாகா அல்ல

கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாக்குப்பையின் வயிற்றில் முழங்காலை ஊன்றி, "மூச்சு விடக்கூடாது, சொல்லிட்டேன்!" என்று அதை மிரட்டிக்கொண்டிருந்தார் முடிச்சு. லாரி பார்சல் ஆபீசில் சரக்குக் கட்டுகிறவர்; இன்று கட்டுவது வீட்டுச் சாமான். பெற்றோர் வைத்த பெயர் மனைவிக்கே மறந்திருக்கலாம். அவர் கட்டிய கண்ணாடிச் சாமான் மலையிலிருந்து உருண்டாலும் உடையாது. பெற்றுக்கொள்கிறவர்கள்தான் அரிவாளைத் தேடி அலைந்தபடி அவரை வாழ்த்துவார்கள். அவருக்கென்ன? கட்டுவதோடு அவர் கடமை முடிந்தது. ஆயுளில் ஒரு முடிச்சையும் அவர் அவிழ்த்ததில்லை.

தெருவில் ஒலிபெருக்கி வேன் கத்திக்கொண்டு போனது. புயல் நெருங்குகிறதாம், முகாமுக்குப் போகும் பஸ் தெருமுனையில் நிற்கிறதாம். பயத்துக்கு முடிச்சிடம் ஒரே வைத்தியம்தான்: கயிற்றை இன்னொரு சுற்று. மெழுகுவர்த்தி, டார்ச், பிஸ்கட், வீட்டுப் பத்திரம் எல்லாம் பிளாஸ்டிக்குக்குள், பிளாஸ்டிக் சாக்குக்குள், சாக்கு கயிற்றுக்குள். வீட்டிலிருந்த கத்தி, கத்திரிக்கோல், பிளேடு வரை உள்ளே போயிருந்தன.

"கத்தியெல்லாம் எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"வெளிய கிடந்தா காத்துல பறந்து வந்து நம்மளையே குத்தும்."

"ஆமா, கத்திக்கு உங்க மேல அப்படி என்ன கோவமோ!" சிரித்தவளுக்கு இருமல் வந்தது. இருமல் இழுப்பாயிற்று. கட்டிலைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினாள். "என்... இன்ஹேலர்..."

"அதெல்லாம் பத்திரமா இருக்கு" என்றார் முடிச்சு பெருமையாக. எங்கே இருக்கிறது என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அவிழ்க்கப் பார்த்ததில் நகம் பெயர்ந்தது, கட்டு அசையவில்லை. தொழில் சுத்தம் அப்படி. ஜன்னலை உலுக்கிய காற்றின் ஊளையைவிட, மனைவியின் நெஞ்சில் கேட்ட சன்ன விசில் அவரை உலுக்கியது. "இரும்மா, இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு" என்று புலம்பியபடி கயிற்றைக் கடித்தார். கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டது. "எந்தப் படுபாவிடா இப்படிக் கட்டினவன்!" என்று, பார்சல் வாங்குகிறவர்கள் இத்தனை காலமாகக் கேட்டுவரும் கேள்வியை அவரும் கேட்டார்.

ஒருவழியாகக் கயிறு நைந்து அறுந்தது. இரண்டு இழுப்பு மருந்து உள்ளே போனதும் அவள் உதட்டுக்கு நிறம் திரும்பியது. "உங்களுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களே" என்றாள், மூச்சு வாங்க.

பஸ்ஸில் இன்ஹேலர் அவள் கைக்குள் இருந்தது. மடியிலிருந்த பையின் வாயை முடிச்சு ஒற்றைச் சுருக்கில் கட்டினார். நுனியை இழுத்தார், அவிழ்ந்தது. மறுபடி கட்டினார். காற்றில் பஸ் ஆடியபோதெல்லாம் இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.