புயலைப் பற்றிய ஒரு பக்கம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, மாண்ட்ரியால் புறநகர் சென்ட் லோரன்டில் என் வீட்டு வாசலில் காரைப் பனியிலிருந்து தோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி ஜன்னலைத் தட்டி, போன் என்று சைகை காட்டினாள். புரோசார்டிலிருந்து டாக்டர் ராகவன், பங்கஜம் மேடத்தின் கணவர். "பங்கஜம் போயிட்டா சார். தூக்கத்துலேயே" என்றார். பிறகு அவரே, "தீவுக்கு ஒரு தந்தி குடுத்துடுங்க. அந்த அட்ரஸ் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

மாண்ட்ரியால் தமிழர்களில் பங்கஜம் மேடத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவரது தீவு ஆபீஸ் ஏன் மூடப்பட்டது என்பதில் உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. அந்தப் பாதியும் தப்பு. அதைச் சரிசெய்யாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

இந்த ஊரில் உலகக் கண்காட்சி முடிந்த மறுவருடம் அந்தச் சின்னத் தீவுக்குச் சுதந்திரம் வந்தது. சர்க்கரையைத் தவிர விற்க ஒன்றுமில்லை. பிள்ளைகள் படித்துவிட்டு வேலையில்லாமல் நின்றார்கள். வெளிநாட்டு முதலாளிகளைப் பேசி அழைத்துவர, டவுன்டவுனில் ஒரு கம்பளிக்கோட்டுக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் தீவு அரசாங்கம் ஆபீஸ் போட்டது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்திவந்த மேடம் அதற்குப் பொறுப்பு. எந்திரங்கள், மின்சாரம், கொட்டகை பற்றிச் சொல்ல எஞ்சினியரான நான். வேறு ஆள் கிடையாது.

மற்ற நாட்டுக்காரர்கள் கடற்கரைப் படம் காட்டித் தொழிற்சாலை கேட்டார்கள். மேடத்தின் பைலில் முதல் தாளின் தலைப்பே 'இல்லாதவை'. இரும்பு இல்லை, எண்ணெய் இல்லை, கப்பல் வர வாரக்கணக்காகும். அடுத்த பக்கம் முழுக்கப் புயல். எந்த மாதம் வரும், எதையெல்லாம் பிய்த்துக்கொண்டு போகும் என்ற விவரம். நான் தலையில் அடித்துக்கொள்வேன். "குறையை நாம சொன்னா அது தகவல் சார். அவங்களா கண்டுபிடிச்சா அது ஏமாத்து" என்பார்.

சென்ட் லோரன்டில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. மேடம் அங்கே போனார், புடவைக்கு மேல் கணவரின் ஓவர்கோட்டு, காலில் பூட்ஸ். இந்தக் கோலத்தைப் பார்த்த காவலாளி, தையல் வேலைக்கு வந்தவர் என்று நினைத்து உள்ளே வரிசையில் உட்காரவைத்துவிட்டான். மேடம் மறுக்கவில்லை. முக்கால் மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து ஒரு கையுறையைக் கோணலாகத் தைத்து முடித்து, அதை எடுத்துக்கொண்டு போய் முதலாளிக் கிழவரின் மேஜையில் வைத்தார். "எனக்குத் தைக்க வராது. தைக்கத் தெரிந்தவர்கள் ஒரு தீவு நிறைய இருக்கிறார்கள்" என்று பிரெஞ்சில் சொன்னார். கிழவர் சிரித்துவிட்டார். ஆனாலும் சம்மதிக்கவைக்க இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

கடைசியில், தீவை நேரில் பார்க்கிறேன், பிப்ரவரியில் போகலாம் என்றார் கிழவர். கையுறை வியாபாரத்துக்கு அது ஓய்வு மாதம். இந்த ஊரில் பிப்ரவரியில் வெயிலைத் தேடிப் போகிறவனைத் தடுப்பது மகாபாவம். தீவில் அதுதான் புயல் மாதம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மார்ச்சுக்குள் ஒரு தொழிற்சாலையாவது வராவிட்டால் ஆபீஸை மூடுவோம் என்று தீவிலிருந்து கடிதம் வந்திருந்தது. புயல் பக்கத்தைப் பார்த்தால் கிழவர் பின்வாங்கிவிடுவார் என்று பயந்தேன். அவருக்கு அனுப்பவிருந்த பைலிலிருந்து அந்தப் பக்கத்தை உருவி மேஜை டிராயரில் போட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு மேடம் டிராயரைத் திறந்தார். "ஏன் சார் எடுத்தீங்க?" என்று கேட்டார். அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிழவர் வீட்டில்தான் இருப்பார்; வீடு ஊர்க்கோடியில், இல்-பிசாரில். பஸ் விட்ட இடத்திலிருந்து முழங்கால் பனியில் இருவரும் நடந்தோம். "உங்களுக்கு அனுப்பிய பைலில் இது எடுக்கப்பட்டிருந்தது" என்று வாசலிலேயே பக்கத்தை நீட்டினார் மேடம். கிழவர் நின்றபடி படித்தார். "யார் எடுத்தது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "என் ஆபீஸ். பொறுப்பு என்னுடையது" என்றார் மேடம்.

பயணம் ரத்தாயிற்று. மார்ச்சில் ஆபீஸ் மூடப்பட்டது.

அந்த அம்மா கடைசி நேரத்தில் புயல் கியல் என்று உளறிக் கெடுத்துவிட்டார் என்று நம் சித்திரைப் புத்தாண்டு விழாவில் பேச்சு அடிபட்டது. அவர் காதுபடவே சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். மேடம் என்னைப் பார்க்கக்கூட இல்லை. காருக்கு நடக்கும்போது மட்டும், "ஆபீஸ்தானே போச்சு, வேலை இருக்குல்ல? நாளைக்கு வீட்டுக்கு வாங்க" என்றார். மறுநாளிலிருந்து புரோசார்டில் அவர் சமையலறை மேஜைதான் எங்கள் ஆபீஸ், சம்பளமில்லாமல்.

மே மாதம் அந்த மேஜைக்குக் கிழவரின் போன் வந்தது. விடுபட்ட பக்கத்தைக் கொண்டுவந்து கொடுக்கப் பனியில் நடந்த ஆட்களை அதற்குமுன் பார்த்ததில்லை என்றாராம். ஜூனில் தீவுக்குப் போய்ப் பார்த்தார். புயல் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலைக்குத் தகரம் வேண்டாம், கான்கிரீட் கூரை போடுங்கள் என்று உத்தரவு போட்டார். பனியே பார்க்காத பெண்கள் கனடாவுக்குக் கையுறை தைக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த பிப்ரவரியில் புயல் வந்தது. நான்கு நாள் தீவிலிருந்து ஒரு சேதியும் இல்லை. மேடம் வகுப்பெடுத்துவிட்டு வந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் தந்தி வந்தது: "சுற்றிலும் கூரைகள் இல்லை. எங்கள் கூரை இருக்கிறது. எல்லோரும் குடும்பத்தோடு உள்ளே இருக்கிறோம்." மேடம் அதை இரண்டு முறை படித்தார். "காபி போடட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு, போடாமலே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

இன்று தீவில் அப்படிப் பல கொட்டகைகள் எழுந்துவிட்டன. செவ்வாயன்று பனி தோண்டும்போது என் கையில் இருந்தது அங்கே தைத்த கையுறைதான். பனியில் நனைந்து மை கலைந்த அந்தப் பக்கமும் என்னிடம் இருக்கிறது. கிழவர் திருப்பிக் கொடுத்தபோது மேடம் அதை என்னிடமே தந்து, "நீங்களே வெச்சுக்குங்க" என்றார்.

அந்தப் பக்கத்தை எடுத்தவன் நான். இத்தனை வருடம் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு சட்டைத் தொழிற்சாலைக்காரரைப் பார்க்கத் தனியாகப் போகிறேன். பைலில் புயல் பக்கத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன்.